லினக்ஸ் டிரைவரில் ஹார்ட்வேர் ரெஜிஸ்டரைப் பத்திரமாகத் தொடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் எம்பெடெட் வேலைக்கு வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு சி மொழி நன்றாகவே தெரியும். பாயிண்டரும் தெரியும். தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சாதனத்தின் ரெஜிஸ்டரை, அதாவது சாதனத்தைக் கட்டுப்படுத்தவும் அதன் நிலையை அறியவும் அதற்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை, ரேம் மாதிரி நினைத்து, முகவரி கிடைத்ததும் நேரே படிக்கவும் எழுதவும் தொடங்கிவிடுகிறார்கள். பாதி நேரம் அது ஓடவும் செய்கிறது. மீதி நேரம் போர்டு உறைந்து போகிறது, அல்லது பத்தாயிரத்தில் ஒருமுறை மட்டும் தவறான விடை தருகிறது. இரண்டாவது வகைதான் மோசம்.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாதவர்தான் அவசரத்தில் படியைத் தாண்டுகிறார். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். கர்னல் மூலநிரலில் தேடினால் உடனே அடையாளம் தெரியும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் டிரைவரை உண்மையான போர்டில் எழுதாதீர்கள். ஒரு கணினியையே மென்பொருளாக ஓட்டிக் காட்டும் கியூஎமுவில் பாடம் கற்பதற்கென்றே ‘எட்யூ’ என்ற பிசிஐ சாதனம் இருக்கிறது. கியூஎமுவைத் தொடங்கும் கட்டளையில் ‘-டிவைஸ் எட்யூ’ என்று சேர்த்தால் போதும். உள்ளே பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினால் 1234:11ஈ8 என்ற எண்ணோடு தெரியும். அடையாள ரெஜிஸ்டர், எண்ணைத் தலைகீழாக்கும் ரெஜிஸ்டர், ஃபேக்டோரியல் கணக்கிடும் ரெஜிஸ்டர், இன்டரப்ட் (சாதனம் சிபியுவைக் கூப்பிடும் சைகை), டிஎம்ஏ (சிபியு இல்லாமல் சாதனமே மெமரியைத் தொடுவது) எல்லாம் அதில் உண்டு. தவறான இடத்தைத் தொட்டு உறைந்து போனாலும் ஜன்னலை மூடித் திறந்தால் தீர்ந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாளில் ஆபீஸ் லேபில் இருக்கும் போர்டு உறைந்தால், ரீசெட் பட்டனை அழுத்த யாரையாவது கெஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி நீங்களே போக வேண்டும்.

உண்மையான போர்டுக்கு வரும்போது சீரியல் கன்சோல் கட்டாயம். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து வேலை செய்தால், கர்னல் விழும்போது அது சொல்லும் கடைசி வரிகள் உங்களுக்கு வந்து சேராது. எஸ்.பி. ரோடில் யுஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கும்போது 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை மாதிரியான போர்டுகளின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது.

கர்னலை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். ‘ப்ரூவ் லாக்கிங்’, ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’, ‘டீபக் ஷேர்டு ஐஆர்க்யூ’ என்ற மூன்று சோதனை அமைப்புகளையும் இயக்கி வையுங்கள். ‘ஸ்பார்ஸ்’ என்ற சோதனைக் கருவியையும் நிறுவுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

கடைசியாக, டேட்டாஷீட். ரெஜிஸ்டர் அட்டவணையில் ஆஃப்செட்டை, அதாவது சாதனப் பகுதியின் தொடக்கத்திலிருந்து ரெஜிஸ்டர் எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதை, மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். பக்கத்தில் ‘படிக்க மட்டும்’, ‘எழுத மட்டும்’, ‘ஒன்று எழுதினால் அழியும்’, ‘படித்தால் அழியும்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதையும் சேர்த்துக் குறியுங்கள். எட்டாம் படி முழுக்க அந்தப் பத்தியைப் பற்றித்தான்.

2. முகவரியைக் கர்னலிடம் கேளுங்கள்

டேட்டாஷீட்டில் இருக்கும் முகவரி சிபியு பார்க்கும் முகவரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல உதாரணம் ராஸ்பெர்ரி பை. அதன் சிப் ஆவணத்தில் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்) பகுதி ஹெக்ஸ் 7ஈ200000 என்று இருக்கும். அது பஸ் முகவரி. பை 4-இல் வழக்கமான அமைப்பில் சிபியு அதே பகுதியை எஃப்ஈ200000 என்று பார்க்கிறது. பை 3-இல் 3எஃப்200000. முதல் பையில் 20200000. ஆவணத்தில் இருப்பதை அப்படியே எடுத்து மேப் செய்தால், அதாவது நிரல் தொடக்கூடிய முகவரியாக இணைத்தால், சம்பந்தமே இல்லாத இடத்தைத் தொடுவீர்கள்.

இந்த மாற்றத்தைச் செய்வதுதான், போர்டில் உள்ள சாதனங்களைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் உள்ள ‘ரேஞ்சஸ்’ வரியின் வேலை. ‘ரெக்’ வரியில் பஸ் முகவரி இருக்கும். கர்னல் இரண்டையும் சேர்த்து சிபியு முகவரியைத் தரும். பிசிஐ சாதனத்தில் முகவரி பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டரில், அதாவது ‘பார்’-இல் இருக்கும். ஒவ்வொரு பூட்டிலும் அது மாறலாம். எனவே எந்த டிரைவரிலும் முகவரியை எண்ணாக எழுதி வைக்காதீர்கள். பிளாட்ஃபார்ம் டிரைவர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சாதனத்துக்கான டிரைவர்) என்றால் ரிசோர்ஸை, அதாவது கர்னல் வைத்திருக்கும் முகவரி விவரத்தை, கேளுங்கள், பிசிஐ டிரைவர் என்றால் பார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

3. பகுதியை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள்

மேப் செய்வதற்கு முன் ரிக்வெஸ்ட்_மெம்_ரீஜன். பிசிஐயில் பிசிஐ_ரிக்வெஸ்ட்_ரீஜன்ஸ். இது ஹார்ட்வேரில் எதையும் மாற்றாது. இந்த முகவரிப் பகுதி இந்த டிரைவருக்கு என்று கர்னலின் பட்டியலில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். பட்டியலை ப்ராக் டைரக்டரியில் இருக்கும் ஐஓமெம் கோப்பில் பார்க்கலாம். ரூட்டாகப் பாருங்கள். மற்றவர்களுக்கு முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகத்தான் தெரியும்.

இங்கே ஈபிஸி என்ற பிழை, அதாவது மைனஸ் 16, வந்தால் ஏற்கெனவே ஒரு டிரைவர் அந்தப் பகுதியை வைத்திருக்கிறது என்று அர்த்தம். “அக்கா, ரிக்வெஸ்ட் வரியை எடுத்துட்டா ஓடுது” என்று புதியவர்கள் மகிழ்ச்சியாக வந்து சொல்வார்கள். ஓடும்தான். மேப் செய்யும் ஃபங்ஷனான ஐஓரீமேப் யாரையும் கேட்காமல் மேப் செய்து கொடுத்துவிடும். ஆனால் இப்போது இரண்டு டிரைவர்கள் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே ரெஜிஸ்டரில் எழுதுகிறார்கள். ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுக்க நீங்கள் போடும் லாக் அவருக்குத் தெரியாது, அவர் லாக் உங்களுக்குத் தெரியாது. ஐஓமெம் கோப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அந்த டிரைவர் வழியாகவே வேலையை முடிக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். ஜிபிஐஓ, கிளாக் போன்றவற்றுக்குக் கர்னலில் ஏற்கெனவே தனி இடைமுகம் இருக்கிறது.

4. மேப் செய்தல், திரும்பி வரும் மதிப்பைச் சோதித்தல்

பிளாட்ஃபார்ம் டிரைவருக்கு டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் என்ற ஒரே அழைப்பு போதும். ரிசோர்ஸைத் தேடுவது, பகுதியை எடுப்பது, மேப் செய்வது மூன்றையும் செய்துவிடும். பிசிஐக்கு பிசிஐ_ஐஓமேப்.

தவறு நடப்பது திரும்பி வரும் மதிப்பில். பிசிஐ_ஐஓமேப், வெறும் ஐஓரீமேப், டெவ்எம்_ஐஓரீமேப் ஆகியவை தோற்றால் நல் பாயிண்டர் தரும். டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் இரண்டும் தோற்றால் பிழை எண்ணைப் பாயிண்டருக்குள் வைத்துத் தரும். அதை இஸ்_எர் கொண்டுதான் பிடிக்க முடியும். பின்னதில் நல் சோதனை மட்டும் போட்டால் தோல்வி வெற்றியாகத் தெரியும், அடுத்த வரியில் கர்னல் விழும். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் இதை ஒவ்வொரு குழுவிலும் யாராவது செய்கிறார்கள்.

மேப் செய்த பாயிண்டரின் வகையில் ‘ஐஓமெம்’ குறிச்சொல் இருக்க வேண்டும். கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாது. ஸ்பார்ஸ் கண்டுகொள்ளும். மேக் கட்டளையில் சி=1 என்று சேர்த்தால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் சோதிக்கும், சி=2 என்றால் எல்லாவற்றையும். ‘முகவரி வெளி வேறு’ என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், அதை அடக்குவதற்காகக் காஸ்ட் போடாதீர்கள். எங்கோ சாதன முகவரியைச் சாதாரணப் பாயிண்டராகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. அந்த இடத்தைத் தேடித் திருத்துங்கள்.

மேப் எப்போதும் பக்கக் கணக்கில்தான் நடக்கும், பெரும்பாலும் 4 கேபி. சாதனத்தின் அளவு 256 பைட் என்றாலும் முழுப் பக்கமும் எட்டும். எனவே ஆஃப்செட்டைத் தவறாக எழுதினால் பிழை வராது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சாதனத்தில் போய் எழுதும். கர்னலின் மெமரிச் சோதனைக் கருவியான கேசான் இதைப் பிடிக்காது. ஆஃப்செட்டுகளை ஒரே இடத்தில் பெயரிட்டு வைத்து, டேட்டாஷீட்டோடு இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பழைய புத்தகத்திலிருந்து நிரலை எடுத்தால் ஐஓரீமேப்_நோகேஷ் என்று இருக்கும். 2020-இல் வந்த 5.6 கர்னலிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. வெறும் ஐஓரீமேப்பே கேஷ் இல்லாமல்தான் மேப் செய்யும்.

5. முதலில் சாதனத்துக்கு உயிர் கொடுங்கள்

முகவரி சரி, மேப் சரி, ஆனாலும் முதல் ரீட்டிலேயே போர்டு செத்துவிட்டது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். ஆர்ம் சிப்களில் பயன்படாத பகுதிகளுக்குக் கிளாக்கும் மின்சாரமும் நிறுத்தப்பட்டிருக்கும். கிளாக் இல்லாத பகுதியைப் படிக்கக் கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. சில சிப்களில் ‘சிங்க்ரனஸ் எக்ஸ்டர்னல் அபார்ட்’ என்று கர்னல் விழும். சிலவற்றில் பஸ் அப்படியே உறையும், சீரியல் கன்சோலில் ஒரு வரிகூட வராது.

எழுதும்போது நிலைமை இன்னும் சிக்கல். எழுத்து, அதாவது நீங்கள் எழுதிய மதிப்பு, சாதனத்தைச் சேரும் முன்பே சிபியு அடுத்த வேலைக்குப் போய்விடும். தவறு பிறகு ‘எஸ்எரர்’ ஆக வரும். அப்போது திரையில் தெரியும் ஃபங்ஷன் பெயருக்கும் தவறு செய்த வரிக்கும் சம்பந்தம் இருக்காது. அந்தப் பெயரை நம்பி மணிக்கணக்கில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்எரர் என்று கண்டால் கடைசியாக எந்தச் சாதனத்தில் எழுதினோம், அதன் கிளாக் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வரிசை இது: பவர் டொமைன், கிளாக், பிறகு ரீசெட்டிலிருந்து விடுவித்தல், அதற்குப் பிறகு முதல் ரீட். ரன்டைம் பிஎம் (பயன்படாத சாதனத்தின் மின்சாரத்தை நிறுத்தி, தேவைப்படும்போது கொடுக்கும் கர்னல் வசதி) பயன்படுத்தினால் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் அழைத்து, திரும்பி வரும் மதிப்பைக் கட்டாயம் சோதியுங்கள். அது தோற்ற பிறகும் ரெஜிஸ்டரைத் தொட்டால் முன்பு சொன்ன அதே கதைதான். பழைய பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் பயன்படுத்துவோர் எண்ணிக்கையை ஏற்றியே வைத்திருக்கும், நாம்தான் இறக்க வேண்டும். புதியது தானே இறக்கிவிடும்.

பிசிஐயில் இதே வேலையைப் பிசிஐ_எனேபிள்_டிவைஸ் செய்கிறது. பகுதியை எடுப்பதற்கும் மேப் செய்வதற்கும் முன்பே இதை அழையுங்கள். அழைக்காவிட்டால் சாதனம் மெமரிக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அப்போது எதை ரீட் செய்தாலும் எல்லா பிட்டும் 1 என்றே வரும்.

6. முதல் ரீட் அடையாளத்தைக் கேட்கட்டும்

எதையும் எழுதுவதற்கு முன் ஒரு ரெஜிஸ்டரைப் படித்து, வரவேண்டிய எண் வருகிறதா என்று பாருங்கள். எட்யூவில் ஆஃப்செட் 0-ஐப் படித்தால் கடைசி பைட் ஹெக்ஸ் ஈடி என்று வர வேண்டும். அப்புறம் ஆஃப்செட் 4-இல் ஹெக்ஸ் 67896789 எழுதிப் படியுங்கள். ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகி 98769876 வரும். இரண்டும் சரி என்றால் முகவரி, மேப், அளவு, பைட் வரிசை நான்கும் சரி.

எல்லா பிட்டும் ஒன்று என்றால் சாதனம் பதில் சொல்லவில்லை. எல்லாம் பூஜ்யம் என்றால் ரீசெட்டிலேயே இருக்கலாம், அல்லது முகவரி தவறு. அடையாளம் பொருந்தாவிட்டால் ப்ரோப், அதாவது சாதனத்தைத் தயார் செய்யும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன், அங்கேயே நிற்கட்டும். தெரியாத சாதனத்தில் எழுதுவதைவிடத் தோற்று நிற்பது மேல்.

7. பாயிண்டரை நேரே தொடாதீர்கள்

‘வாலடைல்’ போட்ட பாயிண்டரால் படித்தால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாலடைல் கம்பைலருக்கு மட்டும்தான் பேசும். சிபியு வரிசையை மாற்றுவதை அது தடுக்காது. பைட் வரிசையையும் பார்த்துக்கொள்ளாது. ரீட்எல், ரைட்எல் இரண்டும் அந்தப் பொறுப்புகளை எடுத்துக்கொள்கின்றன: ஒரே அணுகலாக, சொன்ன அளவில், லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில் வரும்) சாதனம் என்று வைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் காக்கும் தேவையான பேரியரோடு. சாதனம் பிக் எண்டியன் என்றால் ஐஓரீட்32பிஇ, ஐஓரைட்32பிஇ இருக்கின்றன.

அளவு முக்கியம். ரீட்பி 8 பிட், ரீட்டபிள்யூ 16, ரீட்எல் 32, ரீட்க்யூ 64. எட்யூவில் ஆஃப்செட் ஹெக்ஸ் 80-க்குக் கீழே 4 பைட் அணுகலை மட்டும்தான் ஏற்கும். அங்கே ரீட்க்யூ போட்டால் எல்லா பிட்டும் ஒன்றாகத்தான் வரும். உண்மையான சாதனங்களிலும் இப்படித்தான். ஆவணம் 32 பிட் என்று சொன்னால் 32 பிட்டாகவே தொடுங்கள், உங்களுக்கு ஒரே ஒரு பைட்தான் தேவை என்றாலும்.

32 பிட் சிபியுவில் ரீட்க்யூ இருக்காது. 64 பிட் எண்ணியை இரண்டு பாதியாகப் படிக்கும்போது, நடுவில் கீழ்ப்பாதி நிரம்பி மேல்பாதி ஒன்று கூடியிருக்கலாம். மேல்பாதி, கீழ்ப்பாதி, மறுபடி மேல்பாதி என்று படித்து, இரண்டு மேல்பாதிகளும் ஒன்றானால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாதன நினைவகத்திலிருந்து மொத்தமாக நகலெடுக்க வெறும் மெம்காப்பி கூடாது. அது வேகத்துக்காகச் சீரமைக்கப்படாத முகவரிகளிலும் படிக்கும். ஆர்ம் 64-இல் சாதனமாக மேப் ஆன பகுதியில் அப்படிப் படித்தால் உடனே அலைன்மென்ட் ஃபால்ட். மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ, மெம்காப்பி_டூஐஓ, மெம்செட்_ஐஓ இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். எக்ஸ்86 லேப்டாப்பில் சாதாரண மெம்காப்பியும் ஓடிவிடும் என்பதால் இந்தத் தவறு போர்டுக்குப் போகும் வரை தெரியாது.

8. படித்து, மாற்றி, எழுதுவதில் உள்ள மூன்று பள்ளங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இங்கே செய்யும் தவறுகள் கர்னலை விழ வைக்காது, விடையை மட்டும் கெடுக்கும்.

முதல் பள்ளம், ஒரு பிட்டுக்காக முழு ரெஜிஸ்டரையும் மேலெழுதுவது. ராஸ்பெர்ரி பையில் ஒவ்வொரு பின்னின் வேலையையும் தீர்மானிக்க 3 பிட் உண்டு, ஒரு ரெஜிஸ்டரில் 10 பின். 17-ஆம் பின் இரண்டாவது ரெஜிஸ்டரில், ஆஃப்செட் 4-இல், 21 முதல் 23 வரையிலான பிட்டுகளில் இருக்கிறது. அதை அவுட்புட் ஆக்க 21-ஆம் பிட்டை மட்டும் வைத்து ஒரு ரைட் போட்டால் மற்ற 9 பின்களும் பூஜ்யமாகி இன்புட் ஆகிவிடும். அதே ரெஜிஸ்டரில்தான் சீரியல் கன்சோலின் 14, 15-ஆம் பின்களும் இருக்கின்றன. போர்டு உறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், கன்சோல் மட்டும் ஊமையாகியிருக்கும். சரியான முறை: படித்து, அந்த 3 பிட்டையும் மாஸ்க் கொண்டு அழித்து, புதிய மதிப்பைச் சேர்த்து எழுதுவது. அழிக்காமல் சேர்த்தால் பழைய பிட்டுகள் ஒட்டிக்கொண்டு வேறு வேலை தேர்வாகும்.

இரண்டாவது பள்ளம், ‘ஒன்று எழுதினால் அழியும்’ ரெஜிஸ்டரில் அதே முறையைப் பின்பற்றுவது. பையின் நிகழ்வு ரெஜிஸ்டர், ஆஃப்செட் ஹெக்ஸ் 40, இந்த வகை. 5-ஆம் பின்னிலும் 17-ஆம் பின்னிலும் நிகழ்வு வந்திருக்கிறது, நீங்கள் 17-ஐ மட்டும் அழிக்க நினைக்கிறீர்கள். படிக்கிறீர்கள்: 5, 17 இரண்டும் ஒன்று. 17-ஐச் சேர்த்து எழுதுகிறீர்கள். இரண்டுமே அழிந்துவிட்டன. 5-ஆம் பின்னில் அழுத்திய பட்டனை யாரும் கவனிக்கவே இல்லை. இந்த வகை ரெஜிஸ்டரில் படிக்காமல், அழிக்க வேண்டிய பிட்டை மட்டும் நேரே எழுதுங்கள்.

மூன்றாவது, படித்தாலே அழியும் ரெஜிஸ்டர். தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்தவருக்குக் காலிப் பெட்டிதான். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒருபக்கம் நிலையைப் படிக்கிறது, இன்னொரு பக்கம் டீபக் செய்ய நீங்கள் எழுதிய ரெஜிஸ்டர் டம்ப்பும் அதையே படிக்கிறது. டம்ப் எடுத்தால் மட்டும் இன்டரப்ட் தொலைகிறது என்ற புகாரின் காரணம் இதுதான். டம்ப்பில் இந்த ரெஜிஸ்டர்களையும், படிக்கப் படிக்கக் காலியாகும் தரவு வரிசையான ஃபிஃபோவையும் சேர்க்காதீர்கள். ஹேண்ட்லரில் ஒரே ஒருமுறை படித்து, மாறியில் வைத்து, எல்லா முடிவுகளையும் அந்த மாறியிலிருந்தே எடுங்கள்.

சரி, லாக். படித்து மாற்றி எழுதுவது மூன்று வேலை. நடுவில் இன்னொரு சிபியு நுழைந்தால் ஒருவர் எழுதியது தொலையும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே ரெஜிஸ்டரைத் தொடும் என்றால், சாதாரண இடங்களில், அந்த சிபியுவில் இன்டரப்ட்டையும் நிறுத்தி வைக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வேண்டும். வெறும் ஸ்பின்_லாக் போட்டால், லாக்கை வைத்திருக்கும் சிபியுவிலேயே இன்டரப்ட் வந்து அதே லாக்குக்குக் காத்து நிற்கும். ‘ப்ரூவ் லாக்கிங்’ இதை நடப்பதற்கு முன்பே எச்சரிக்கும். பல சாதனங்களில் ‘செட்’ தனி, ‘கிளியர்’ தனி என்று இரண்டு ரெஜிஸ்டர் இருக்கும். பையில் பின்னை ஏற்ற ஹெக்ஸ் 1சி, இறக்க ஹெக்ஸ் 28. அப்படி இருந்தால் பழைய மதிப்பைப் படிக்கவும் வேண்டாம், லாக்கும் வேண்டாம்.

9. வரிசையும் வந்து சேர்வதும்

ரைட்எல் திரும்பிவிட்டது என்பதால் எழுத்து சாதனத்தைச் சேர்ந்துவிட்டது என்று ஆகாது. பிசிஐயில் எழுத்துகள் வழியில் காத்திருக்கலாம். ரீசெட் பிட்டை ஏற்றி, 10 மைக்ரோ விநாடி காத்து, இறக்குகிறீர்கள். அந்தக் காத்திருப்பு சிபியுவில் நடந்தது. இரண்டு எழுத்துகளும் சாதனத்துக்கு ஒட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கலாம். ரீசெட் சில நேரம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இங்கே பாருங்கள்.

தீர்வு: முதல் எழுத்துக்குப் பின் அதே சாதனத்தில், படித்தால் பாதிப்பில்லாத ஒரு ரெஜிஸ்டரை ரீட்எல் செய்யுங்கள். படிப்பு முடிய வேண்டுமானால் முன்னால் போன எழுத்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மைக்ரோ விநாடிக் கணக்கில் காத்திருக்க வைக்கும் யுடிலே. ரீட்எல் முடிந்த பிறகுதான் காத்திருப்புத் தொடங்கும் என்று கர்னல் உறுதி தருகிறது. பேரியர் இல்லாத ‘ரிலாக்ஸ்டு’ வகைக்கு அந்த உறுதி இல்லை.

இன்னொரு வகை, மெமரிக்கும் ரெஜிஸ்டருக்கும் நடுவே உள்ள வரிசை. டிஎம்ஏ விவரத்தை மெமரியில் எழுதிவிட்டு, ‘தொடங்கு’ ரெஜிஸ்டரில் எழுதுகிறீர்கள். ரைட்எல் பயன்படுத்தினால், முன்னால் மெமரியில் எழுதியது முதலில் சாதனத்துக்குத் தெரியும். ரைட்எல்_ரிலாக்ஸ்டு போட்டால் தெரியாமல் போகலாம். சாதனம் பழைய விவரத்தைப் படித்து வேறு இடத்தில் எழுதத் தொடங்கும். எக்ஸ்86 எழுத்துகளின் வரிசையைத் தானாகவே காப்பதால் இது லேப்டாப்பில் தெரியாது, ஆர்மில் எப்போதாவது தெரியும்.

என் கருத்து: முதலில் எல்லா இடத்திலும் ரீட்எல், ரைட்எல் மட்டும். அளந்து பார்த்து, வேகம் அங்கேதான் போகிறது என்று உறுதியான பிறகு, அந்த ஒரு வளையத்தில் மட்டும் ரிலாக்ஸ்டு, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. ‘வேகமாக இருக்கும்’ என்று எல்லா இடத்திலும் ரிலாக்ஸ்டு போட்ட டிரைவரைத் திருத்துவது பெரும் வேலை.

பழைய நிரலில் எம்எம்ஐஓடபிள்யூபி என்று கண்டால் நீக்கிவிடுங்கள். 2019-இல் 5.2 கர்னலில் இருந்து அது இல்லை. அந்த வேலையை ஸ்பின்லாக் விடுவிக்கும்போதே கர்னல் செய்துவிடுகிறது.

10. காத்திருக்கும் வளையத்துக்கு எல்லை வையுங்கள்

எட்யூவில் ஆஃப்செட் 8-இல் 5 எழுதினால் அது ஃபேக்டோரியல் கணக்கிடும். ஆஃப்செட் ஹெக்ஸ் 20-இல் கடைசி பிட் ஒன்றாக இருக்கும் வரை வேலை நடக்கிறது. பூஜ்யமான பிறகு 8-ஐப் படித்தால் 120. நடுவே இன்னொரு எண் எழுதினால் அது சத்தமில்லாமல் தள்ளப்படும், எனவே காத்திருப்பது அவசியம். 12-க்கு மேல் கொடுக்காதீர்கள், விடை 32 பிட்டில் அடங்காது.

இதற்கு வெறும் ஒய்ல் வளையம் எழுதாதீர்கள். சாதனம் கழன்றுவிட்டால் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும். ‘வேலை நடக்கிறது’ பிட்டும் என்றென்றும் ஒன்று. சிபியு ஒன்று அந்த வளையத்தில் சிக்கிக்கொள்ளும். ரீட்எல்_போல்_டைம்அவுட் எழுதுங்கள். எத்தனை மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை பார்ப்பது, மொத்தம் எவ்வளவு காத்திருப்பது இரண்டையும் சொன்னால், வேலை முடிந்தால் பூஜ்யமும் நேரம் தீர்ந்தால் மைனஸ் 110-உம் திரும்பும். அது நடுவே தூங்கும், ஆகவே ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதும் ஹேண்ட்லரிலும் அதன் அட்டாமிக் வகைதான்.

11. இன்டரப்டும் ரிமூவும்

இன்டரப்ட்டைக் கேட்பது ப்ரோப்பின் கடைசியில். கேட்ட மறுநொடியே ஹேண்ட்லர் ஓடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பகிர்ந்த இன்டரப்ட்டில். அப்போது மேப், லாக், மாறிகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கேட்பதற்கு முன் சாதனத்தின் இன்டரப்ட்டுகளை மாஸ்க் செய்து, நிலுவையில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

ஹேண்ட்லரில் முதல் வேலை நிலையைப் படிப்பது. எட்யூவில் அது ஹெக்ஸ் 24. பூஜ்யம் என்றாலோ எல்லா பிட்டும் ஒன்று என்றாலோ நம்முடையது இல்லை என்று திரும்புங்கள். நம்முடையது என்றால், படித்த அதே மதிப்பை ஹெக்ஸ் 64-இல் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாமல் ‘முடித்தேன்’ என்று திரும்பினால், பழைய வகை லெவல் இன்டரப்ட்டில் (ஒப்புக்கொள்ளும் வரை சைகை நின்றுகொண்டே இருக்கும் வகை) ஹேண்ட்லர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

டிரைவரை நீக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் வரிசை தலைகீழ்: சாதனத்தில் இன்டரப்ட்டை நிறுத்து, ஹேண்ட்லரை விடுவி, டிஎம்ஏவை நிறுத்து, பிறகு மேப், கடைசியில் கிளாக். பெயர் டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்களால் எடுத்தவை ரிமூவ் முடிந்த பிறகே, தானாகவே, எடுத்ததற்கு எதிர்வரிசையில் விடுவிக்கப்படும். ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. இன்டரப்ட் டெவ்எம் வழியாக, கிளாக்கை மட்டும் ரிமூவில் கையால் நிறுத்துகிறீர்கள் என்றால், கிளாக் நின்ற பிறகும் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்தால் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கும். கிளாக்கையும் டெவ்எம்_கிளக்_கெட்_எனேபிள்டு வழியாகவே எடுங்கள். இரண்டு முறைகளைக் கலக்காதீர்கள். பகிர்ந்த இன்டரப்ட்டை விடுவிக்கும்போது ‘டீபக் ஷேர்டு ஐஆர்க்யூ’ ஹேண்ட்லரை வேண்டுமென்றே ஒருமுறை அழைத்துப் பார்க்கும். அது இயக்கத்தில் இருந்தால் இந்தத் தவறு மேசையிலேயே பிடிபடும்.

12. பயனர் நிரலுக்கு ரெஜிஸ்டரைத் திறந்துவிடும் முன்

முடிந்தவரை வேண்டாம். வேண்டியே ஆக வேண்டும் என்றால், கேஷ் இல்லாத பக்கம் என்று குறித்து, விஎம்_ஐஓமேப்_மெமரி வழியாகக் கொடுங்கள். கேட்ட அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று அது சோதிக்கும். நான்காம் படியில் சொன்ன பக்கக் கணக்கு இங்கேயும் உண்டு: அதே பக்கத்தில் வேறு சாதனம் இருந்தால் அதையும் சேர்த்துத் திறந்துவிடுகிறீர்கள். டிஎம்ஏ செய்யும் சாதனத்தை இப்படிக் கொடுத்தால் மொத்த மெமரியையும் கொடுத்த மாதிரிதான். அதற்கு, சாதனம் தொடும் மெமரிக்கு எல்லை போடும் ஐஓஎம்எம்யுவோடு, கர்னலின் விஎஃப்ஐஓ இடைமுகத்தைப் பயன்படுத்துங்கள்.

13. எங்கே முதலில் தேடுவது

முதல் ரீட்டிலேயே சத்தமில்லாமல் உறைகிறது: கிளாக், பவர், ரீசெட். ஐந்தாம் படி.

எல்லா ரெஜிஸ்டரிலும் எல்லா பிட்டும் 1 என்றே வருகிறது: பிசிஐ எனேபிள், தவறான அணுகல் அளவு, அல்லது சாதனம் கழன்றுவிட்டது.

ப்ரோப் சரி, டிரைவரை நீக்கும்போது மட்டும் விழுகிறது: ஹேண்ட்லர் உயிரோடு இருக்கக் கிளாக்கோ மேப்போ போய்விட்டது.

‘நோபடி கேர்டு’ என்று சொல்லி கர்னல் இன்டரப்ட் லைனை மூடிவிடுகிறது: ஹேண்ட்லர் நம்முடையது இல்லை என்றே திரும்பிக்கொண்டிருக்கிறது. நிலை ரெஜிஸ்டரின் ஆஃப்செட்டைச் சரிபாருங்கள், அல்லது வேறொருவர் அதை முன்னால் படித்து அழிக்கிறாரா என்று பாருங்கள்.

பிரிண்ட் வரி சேர்த்தால் ஓடுகிறது, எடுத்தால் ஓடவில்லை: அந்த வரி தரும் தாமதம்தான் வேலை செய்கிறது. படித்து உறுதி செய்யாத ஒரு எழுத்து அதற்கு மேலே இருக்கும்.

லேப்டாப்பில் எப்போதும் ஓடுகிறது, ஆர்ம் போர்டில் எப்போதாவது தவறுகிறது: ரிலாக்ஸ்டு என்று மூலநிரலில் தேடுங்கள். ஒவ்வொன்றையும் ரைட்எல் ஆக்கி இரவு முழுவதும் ஓட விடுங்கள். தவறு நின்றால் ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றி, எந்த இடம் என்று கண்டுபிடிக்கலாம்.